முத்திரை இல்லாத தண்ணீர்

சவப்பெட்டியின் மூடிமேல் முதல் ஆணியை வைத்துச் சுத்தியலை ஓங்கிய நேரத்தில், பெனட்டா கல்லறைத் தோட்டத்தின் பின்சுவரைத் தாண்டி உள்ளே குதித்தாள். வாசல் வழியாக வந்தால் நூறு அடி சுற்று. அதற்குள் ஆணி இறங்கிவிடும்.

“ஃபாதர், மூடாதீங்க. ரெண்டு நிமிஷம்.”

சுத்தியல் அந்தரத்தில் நின்றது. ஐம்பது பேர் திரும்பிப் பார்த்தார்கள். முழங்காலில் ஒட்டிய செம்மண்ணைக்கூடத் தட்டாமல், ஒரு கையில் சாமணமும் மறுகையில் கண்ணாடிக் குழாயுமாக ஒரு பெண் மூச்சு வாங்க நின்றாள். அரசாங்க ஐசோடோப் கூடத்திலிருந்து வருவதாகவும், இறந்த பெண்ணின் தலைமுடி பன்னிரண்டு இழை வேண்டும் என்றும், கோர்ட் உத்தரவை இன்ஸ்பெக்டர் தளவாய் எடுத்துக்கொண்டு பின்னாலேயே வருகிறார் என்றும் சொன்னாள்.

ஆஸ்பத்திரியிலேயே முடி எடுத்தாயிற்றே என்று கூட்டத்தில் யாரோ கேட்டார்கள். எடுத்தார்கள். சிக்கலே அதில்தான்.

“அங்க கத்தரியால வெட்டிட்டாங்க. பிடுங்கித்தான் எடுக்கணும். கடைசி ஆறு நாள் வளர்ந்தது இன்னும் தோலுக்குள்ளதான் இருக்கும்.”

பெட்டியின் தலைமாட்டில் பெண்ணின் தகப்பனார் பனிமயதாஸ் நின்றிருந்தார். தூத்துக்குடி கடற்கரையில் முப்பது வருஷமாகப் படகு என்ஜின் பழுது பார்ப்பவர். நகக்கண்ணில் கிரீஸ் அழியாத கை. மகள் ஜெசிந்தா நான்கு வருஷத்துக்கு முன்னால் இசக்கிராஜா என்ற வெல்டரோடு சென்னைக்குப் போய்க் கல்யாணம் செய்துகொண்ட அன்றைக்கு, இந்த வீட்டில் அவள் பெயரை யாரும் எடுக்கக்கூடாது என்று சொன்ன மனிதர். பெண்ணின் தலையில் கைவைக்க விடமாட்டார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

அவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

“வலிக்குமாம்மா?”

பெனட்டா சாமணத்தைத் துடைத்தாள். குனிந்து, உச்சந்தலையில் பன்னிரண்டு இழைகளை வேரோடு எடுத்தாள். தாய் மிக்கேலம்மா ஜெபமாலையைப் பற்றிக்கொண்டு வேறு பக்கம் திரும்பியிருந்தாள்.

---

ஜீப்பில் திரும்பும்போது தளவாய் கேஸை ஒருமுறை வரிசையாகச் சொல்லிப் பார்த்தார். பேசிப் பேசித்தான் அவருக்கு யோசனை வரும்.

பனிமயதாஸ் வீட்டுக்குப் பின்னால் கைவிடப்பட்ட உப்பளம். அதன் நடுவே ஒரு பாழடைந்த கொட்டகை. அதில் ஜெசிந்தா செத்துக் கிடந்தாள். எலிக்காய்ச்சல். நாலு நாள் காய்ச்சலில் கிடந்திருக்கிறாள், மாத்திரை கொடுத்திருந்தால் எழுந்து உட்கார்ந்திருப்பாள் என்று டாக்டர் எழுதியிருந்தார். ஆனால் கொட்டகை வெளிப்பக்கம் பூட்டியிருந்தது. தகப்பன் புகார் கொடுத்திருக்கிறார்: மருமகன்தான் கூட்டிவந்து அடைத்துவைத்துச் சாகவிட்டான் என்று. அவளுடைய செல்போன் சென்னையில் இசக்கிராஜாவின் பெட்டியில் கிடைத்தது. போதாதா? ஆளை உள்ளே வைத்து ஆறு நாளாகிறது.

இசக்கிராஜா சொல்வது வேறு கதை. அப்பாவிடம் சமாதானம் பேசிவிட்டு வருகிறேன் என்று அவள் இதற்கு முன் இரண்டு முறை பஸ் ஏறினாளாம். இரண்டு முறையும் இவன் போன் செய்ததும் மனசு கேட்காமல் பாதிவழியில் இறங்கித் திரும்பிவிட்டாளாம். அதனால்தான் இந்த முறை போனை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போனாளாம். அவள் போன நாற்பது நாளும் இவன் அடுப்புக்கு மேலே காலண்டரைப் பார்த்துக்கொண்டு இருந்தானாம்.

“அவன்தான் தலைமுடியை எடுத்துப் பாருங்க, தலைமுடியை எடுத்துப் பாருங்கன்னு கத்துதான்,” என்றார் தளவாய். “எனக்குப் பத்தாம் கிளாஸ் கெமிஸ்ட்ரியில முப்பத்தஞ்சு மார்க்கு. அதுக்குத் தக்கன சொல்லுங்க. தலைமுடியில என்ன தெரியும்?”

“தண்ணின்னா என்ன சார்?”

“ரெண்டு ஹைட்ரஜன், ஒரு ஆக்சிஜன். சேர்ந்தா ஒரு சேர்மம். அதை எழுதித்தான் அந்த முப்பத்தஞ்சே.”

பெனட்டா அன்று முதல்முறையாகச் சிரித்தாள். ஆக்சிஜன் அணுவின் உட்கருவில் எட்டு புரோட்டான், அந்த எட்டுதான் அதற்குப் பெயரும் அடையாளமும் என்று சொன்னாள். கூடவே இருக்கிற நியூட்ரான்கள் மட்டும் எல்லா அணுவிலும் ஒரே எண்ணிக்கை கிடையாது. பெரும்பாலானவற்றில் எட்டு, ஆயிரத்துக்கு இரண்டில் பத்து. இரண்டையும் கூட்டினால் முன்னது பதினாறு, பின்னது பதினெட்டு. ஒரே தனிமம், இரண்டு ஐசோடோப்.

“ஒரே ரேஷன் கார்டுல அண்ணன் தம்பி. தம்பி ஒல்லி, அண்ணன் குண்டு.”

“அவ்வளவுதான் சார். ருசி ஒண்ணுதான், நிறம் ஒண்ணுதான், தாகமும் ஒரே மாதிரிதான் அடங்கும். எடை போட்டாத்தான் வித்தியாசம் தெரியும்.”

மீதி தளவாய்க்கே தெரியும். பதினொரு வருஷத்துக்கு முன், பெரிய வறட்சியில், லாரிகள் குடிநீரைத் திருடி விற்றபோது வந்த சட்டம் அது. ஒவ்வொரு வட்டத்தின் குடிநீரிலும் அந்தப் பதினெட்டை ஒவ்வொரு அளவில் கலந்தார்கள். குடும்ப அட்டையைக் காட்டினால்தான் குழாய் திறக்கும். எந்த லாரியை மடக்கினாலும், ஒரு சொட்டை எடுத்து எந்தத் தொட்டியில் திருடியது என்று சொல்லிவிடலாம். நீர் முத்திரை என்று அதற்குப் பெயர்.

குடித்த தண்ணீர்தான் ரத்தமாகிறது, நகமாகிறது, முடியாகிறது என்பதைச் சட்டம் போட்டவர்கள் யோசிக்கவில்லை. ஒரே வருஷத்தில் லாரியை விட்டுவிட்டு மனிதர்களைப் படிக்கத் தொடங்கினார்கள். முடி ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கு வளரும். என்றைக்கு எந்த ஊர்த் தண்ணீர் குடித்தான் என்று நாள்வாரியாக எழுதிவைத்திருக்கும் டைரி. பெண் பார்க்க வருகிறவர்கள் மாப்பிள்ளையின் முடியைக் கேட்டார்கள். முதலாளிகள் லீவு எடுத்தவனின் முடியைக் கேட்டார்கள். பெனட்டாவின் கூடத்து வாசலில், ‘கணவன் மனைவி தலைமுடி இங்கே வாங்கப்படாது’ என்று பலகை தொங்கியது. அதையும் மீறி, ரிப்பனில் சுற்றிய முடியோடு யாராவது ஒருவர் தினமும் வந்து நின்றார்.

“அவ சென்னைத் தண்ணி குடிச்சிருந்தா அவன் வச்சிருந்தான். தூத்துக்குடித் தண்ணி குடிச்சிருந்தா...” தளவாய் நிறுத்தினார். அவள் அட்டை சென்னை அட்டை. இங்கே எந்தக் குழாயும் அவளுக்குத் திறந்திருக்காது.

---

மறுநாள் பகல் பன்னிரண்டு மணிக்கு முடிவு வந்தது. பெனட்டா அதை இரண்டாவது தடவை ஓட்டினாள். பிறகு மூன்றாவது தடவை. பிறகு தளவாயைக் கூப்பிட்டாள்.

முடியின் நுனியிலிருந்து நான்கு வருஷம் சென்னை முத்திரை, பிசகே இல்லை. கடைசி நாற்பது நாள் எந்த முத்திரையும் இல்லை. சென்னை, தூத்துக்குடி மட்டுமில்லை, தமிழ்நாட்டில் எந்த வட்டத்தோடும் அது சேரவில்லை. மழைத் தண்ணீரைவிட லேசாக இருந்தது.

“கிணத்துத் தண்ணியா?”

“இந்த ஊருக் கிணறு எல்லாம் உப்பு சார். இது கடல் தண்ணி. வெயில்ல காய்ச்சி ஆவியை மட்டும் பிடிச்சது. ஆவியாகும்போது ஒல்லித்தம்பி முதல்ல கிளம்பிருவான். குண்டு அண்ணன் தொட்டியிலயே தங்கிருவான். அதான் இவ்வளவு லேசு.”

தளவாய்க்கு உடனே தெரிந்துவிட்டது. இந்த ஊரில் அப்படித் தண்ணீர் காய்ச்சிக் குடிக்கிற வீடு ஒன்றுதான். என்னை யாரும் முத்திரை குத்தக்கூடாது என்று கலெக்டர் ஆபீஸில் எழுதிக்கொடுத்துவிட்டு வந்து, மொட்டைமாடியில் பழைய என்ஜின் குழாய்களை வைத்துத் தானே ஒரு தொட்டி கட்டிக்கொண்டவர்.

“பனிமயதாசு,” என்றார் தளவாய். குரலில் கோபம் ஏறியது. “அப்ப அந்த ஆளுதான் அடைச்சு வச்சிருக்கான். வச்சிட்டு மருமகன் மேல பழியைத் தூக்கிப் போட்டிருக்கான்.”

தொட்டித் தண்ணீரையும் எடுத்து ஒப்பிட்டுப் பார்க்காமல் அறிக்கை எழுதக்கூடாது என்றாள் பெனட்டா. இசக்கிராஜா வெல்டர். இதே மாதிரித் தொட்டி ஒன்றை அவனே அரை நாளில் கட்டியிருக்கலாம் என்று எதிர்த்தரப்பு வக்கீல் சொல்வார். சாயங்காலம் வரை பொறுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டுத் தனியாகக் கிளம்பினாள். தளவாயும் சரியென்றார். துக்க வீட்டுக்குள் காக்கிச் சட்டையோடு போக அவருக்கே மனசில்லை.

---

பனிமயதாஸ் கடைக்குப் போயிருந்தார். மிக்கேலம்மா மட்டும் அடுப்படியில் இருந்தாள். அடுப்பு பற்றவைக்கப்படாமலே இருந்தது. மூலையில் தண்ணீர் டிரம். பெனட்டா தான் வந்த காரியத்தைச் சொன்னாள். நாற்பது நாள், முத்திரை இல்லாத தண்ணீர் என்று சொன்னதும் மிக்கேலம்மா மறைக்கவோ மழுப்பவோ பார்க்கவில்லை. யாராவது கேட்கமாட்டார்களா என்று காத்திருந்தவள்போல டிரம்முக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

“நாந்தாம்மா வச்சிருந்தேன்.”

விடியற்காலையில் கொல்லைப்பக்கம் வந்து நின்றாளாம் ஜெசிந்தா. அவர் எழுந்துவிடுவாரே என்று பயந்து, பத்து நாள் பொறு, அப்பா மனசைக் கரைத்துவிடுகிறேன் என்று உப்பளக் கொட்டகைக்குக் கூட்டிப் போனது தாய்தான். யாராவது பார்த்து அவர் காதில் போட்டுவிடக்கூடாதே என்று வெளியே பூட்டியதும் தாய்தான். காலையில் ஒரு தரம் திறந்து, முகம் கழுவ விட்டு, சோறும் ஐந்து லிட்டர் கேனில் தண்ணீரும் வைத்துவிட்டு வருவாள். பத்து நாள் இருபதாயிற்று, முப்பதாயிற்று. ஒவ்வொரு ராத்திரியும் இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும் என்று நினைப்பாள். அவர் முகத்தைப் பார்ப்பாள். நாளைக்கு என்று படுத்துவிடுவாள்.

“ரெண்டு பேருக்கு ஊத்துத தண்ணிதான்மா. அதுல அஞ்சு லிட்டர் தெனமும் எடுத்தேன். டிரம்மு குறையவே இல்ல. மாதா கிருபைன்னு நெனச்சேன். மாதாவே குடுக்கா, அவரு மனசையும் மாத்திருவான்னு நெனச்சேன்.”

காய்ச்சல் வந்த முதல் நாள் வீட்டிலிருந்த தலைவலி மாத்திரை ஒன்று கொடுத்தாள். இரண்டாம் நாள் கஞ்சி. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனால் அட்டையைக் கேட்பார்கள், ஊர் முழுக்கத் தெரிந்துவிடும். நாளைக்கு நிச்சயம் அவரிடம் சொல்லிவிடுவது என்று இருந்தாள்.

“அஞ்சாம் நாள் காலையில போனேன். குளுந்து கெடந்தா. பூட்டிட்டு, கேனைத் தூக்கிட்டுத் திரும்பி வந்தேம்மா. ஒரு சொட்டு சிந்தாமக் கொண்டு வந்தேன். அது எதுக்குன்னு இப்பவும் எனக்குத் தெரியல.”

இசக்கிராஜா உள்ளே இருப்பது தெரியும்தானே என்று பெனட்டா கேட்டாள். தெரியும் என்று தலையசைத்தாள். அந்தப் பையனின் அம்மா ஸ்டேஷன் வாசலிலேயே உட்கார்ந்திருப்பதும் தெரியும். ஆனால் உண்மை வெளியே வந்தால் இவர் தாங்கமாட்டார். பெண்ணைப் பூட்டிக் கொன்றவள் என்று தெரிந்த மனைவியின் கையால் எப்படிச் சோறு வாங்கித் தின்பார்?

அப்போதுதான் வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது.

பனிமயதாஸ் எப்போது வந்தார், எவ்வளவு கேட்டார் என்று தெரியவில்லை. அடுப்படி நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். மிக்கேலம்மா எழுந்திருக்கவில்லை, இருந்த இடத்திலிருந்தே தவழ்ந்துபோய் அவர் காலைப் பிடித்தாள். முதலிலிருந்து எல்லாவற்றையும் இன்னொரு தரம் சொன்னாள்.

“ஏட்டி,” என்றார் அவர். “எங்கிட்ட ஏன் சொல்லல?”

பெனட்டா எதிர்பார்த்த கத்தல் அதில் இல்லை. அவரும் கீழே உட்கார்ந்தார். மனைவியின் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டார். அவள் குலுங்கிக் குலுங்கி அழுதாள். வெகுநேரம் கழித்து, மாடிக்குப் போய்த் தண்ணீர் எடுத்துக்கொள்ளச் சொல்லிப் பெனட்டாவுக்குக் கண்ணைக் காட்டினார்.

---

மாடியில் வெயிலுக்குக் கண் கூசியது. கறுப்புத் தொட்டி, சாய்ந்த கண்ணாடி மூடி, ஆவியைக் குளிர வைக்கும் செம்புக் குழாய். அருமையான வேலைப்பாடு. குழாய்முனையில் சொட்டிக்கொண்டிருந்த தண்ணீரைப் பிடித்துக் கையோடு கொண்டுவந்த அளவுப் பெட்டியில் வைத்தாள். கடல்தண்ணீரைப் பூஜ்யமாக வைத்து, அதைவிட எவ்வளவு லேசு என்று ஐந்து நிமிஷத்தில் எண் வந்தது. மைனஸ் ஏழு.

ஜெசிந்தா முடியின் நாள்வாரி வரைபடத்தை விரித்துப் பக்கத்தில் வைத்தாள். கொட்டகைக்கு வந்த முதல் நான்கு நாள் மைனஸ் ஏழு. சரி. ஐந்தாம் நாளிலிருந்து சாகும்வரை மைனஸ் ஐந்து.

கூடத்தில் முத்திரை உண்டா இல்லையா என்பதை மட்டும் தேடியதில் இந்த ஏற்றம் அவள் கண்ணில் பட்டும் படாமலும் போயிருந்தது. பெட்டியைத் துடைத்து மறுபடி வைத்தாள். மைனஸ் ஏழுதான். நாற்பது நாளில் முப்பத்தாறு நாள் பொருந்தவில்லை.

முதுகுப்பக்கம் பனிமயதாஸ் ஏறிவந்து நின்றார். மனைவியைப் படுக்க வைத்துவிட்டு வந்ததாகச் சொன்னார். பையனை எப்போது விடுவார்கள் என்று கேட்டார்.

விடமாட்டார்கள் என்றாள் பெனட்டா. அம்மா சொன்னதை அப்படியே எழுதிக்கொடுத்தாலும் கணக்கு இடிக்கிறது. இப்போதெல்லாம் கோர்ட் வாயை நம்புவதில்லை, முடியைத்தான் நம்புகிறது. மகள் குடித்தது இந்தத் தொட்டித் தண்ணீர் இல்லை, இதே மாதிரி வேறொரு தொட்டியின் தண்ணீர் என்று ஆகிவிடும். மருமகனைக் காப்பாற்ற மாமியார் பொய் சொல்கிறாள் என்பார்கள்.

“தொட்டியை மாத்துனீங்களா அய்யா? குழாயை?”

இல்லை என்றார்.

“அம்மா இதைத் தொடுவாங்களா?”

“அவளுக்கு மூடி திறக்கவே தெரியாது.”

“அப்ப யோசிச்சுச் சொல்லுங்க. ஒரு தொட்டிக் கடல்தண்ணியில கொஞ்சமாக் காய்ச்சி எடுத்தா லேசா இருக்கும். அதே தண்ணியை நிறுத்தாம இன்னும் காய்ச்சிக் காய்ச்சி எடுத்தா, தங்கியிருந்த கனமான அணுவும் ஏறி வந்துரும். தண்ணி கனமாகும். அந்த முப்பத்தாறு நாள் யாரோ இதுல வழக்கத்தைவிடக் கூடுதலா எடுத்திருக்காங்க. அதுக்கப்புறம் நிறுத்திட்டாங்க.”

அவர் கடலைப் பார்த்தபடி நின்றார். பெனட்டாவுக்கு அப்போதுதான் தான் சொன்னதே தனக்குப் புரிந்தது. ஐந்து லிட்டர் எடுத்தும் குறையாத டிரம்.

“நீங்க சொல்லாட்டியும், அதே தண்ணியைக் குடிச்ச உங்க தலைமுடி சொல்லும் அய்யா.”

“வேண்டாம்மா,” என்றார். “நானே சொல்லுதேன்.”

கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்தார். தினமும் முப்பது லிட்டர் கடல்தண்ணீர் தூக்கி வந்து ஊற்றுவார். பன்னிரண்டு லிட்டர் எடுத்ததும் நிறுத்திவிடுவார். இருவருக்கு அது போதும். நாலாம் நாள் டிரம்மில் தண்ணீர் குறைவதைக் கவனித்தார். ஒழுகுகிறதோ என்று குழாயெல்லாம் பார்த்தார், ஒழுகவில்லை. ஐந்தாம் நாள் காலையில் மனைவி கேனோடு உப்பளத்துக்குள் இறங்குவதை இதே இடத்தில் நின்று பார்த்தார். கொட்டகைக் கதவு திறந்தது. ஒரு பெண் வெளியே வந்து குனிந்து முகம் கழுவினாள்.

“முகத்தைக் கழுவிட்டு உடுத்துன துணி நுனியால தொடைக்கதை வச்சே கண்டுபிடிச்சிட்டேன். சின்னப் பிள்ளையில இருந்து அப்படித்தான்.”

அன்றைக்கே அவர் அடுப்படிக்குப் போய்க் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. நாலு வருஷமாகப் பெயரெடுக்கக்கூடாது என்றிருந்த வாய், எந்தச் சொல்லில் ஆரம்பிக்கும்? அவளே வரட்டும், வாசலில் வந்து நிற்கட்டும், நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை என்று காத்திருந்தார். இரண்டு தரம் கடல்தண்ணீர் தூக்கினால் மனைவிக்குச் சந்தேகம் வரும். அதனால் பன்னிரண்டோடு நிறுத்தாமல் அதே முப்பது லிட்டரிலிருந்து இன்னும் காய்ச்சி எடுத்தார். அவள் எடுப்பதற்கு முன்னால் டிரம்மை நிரப்பி வைத்தார். தாய் திருட்டுத்தனமாகக் கொண்டுபோனாள். தகப்பன் திருட்டுத்தனமாக ஊற்றினான். மகள் குடித்தாள்.

புகார் எதற்குக் கொடுத்தீர்கள் என்று பெனட்டா கேட்டாள். யாரோ ஒருத்தர் செய்திருக்க வேண்டுமே, அது நானாக இருந்துவிடக்கூடாதே என்றுதான் என்றார். அந்தப் பையனை இன்றைக்கே விடட்டும், தளவாயிடம் தானே வந்து கையெழுத்துப் போடுவதாகச் சொன்னார். ஒரே ஒரு விஷயம். தனக்குத் தெரியும் என்பது மிக்கேலம்மாவுக்குத் தெரியக்கூடாது.

“என் புருசன் கல்நெஞ்சுக்காரன், சொல்லியிருந்தாலும் விட்டிருக்கமாட்டான்னு நெனச்சுக்கிட்டு அவ இருந்துக்கிடுவா. ஒரு வார்த்தை சொல்லியிருந்தாப் போதும்னு தெரிஞ்சா அவ எப்படிம்மா இருப்பா?”

கோர்ட்டில் வாசிக்கிற அறிக்கையை யார் காதுக்கு எட்டாமல் வைக்க முடியும்? அதைப் பெனட்டா சொல்லவில்லை. காய்ச்சல் அடித்த அந்த நான்கு நாள் மட்டும் அவளை உறுத்தியது.

“நாலு நாள் வெளிய முகம் கழுவ வராதது தெரியலையா அய்யா?”

பனிமயதாஸ் வரைபடத்தை வாங்கி மடித்தார். மறுபடி பிரித்தார். கீழே மிக்கேலம்மாவின் விசும்பல் நின்றுபோயிருந்தது, தூங்கியிருக்க வேண்டும். அது நின்றதைக் காதால் உறுதி செய்துகொண்ட பிறகுதான் அவர் பேசினார்.

“தெரிஞ்சுது. மூணாம் நாள் மத்தியானம் போனேன். கதவுகிட்ட போய் நின்னேன். நடையை வச்சுக் கண்டுபிடிச்சிட்டா போல. உள்ள இருந்து, ‘அப்பாவா?’ன்னு கேட்டா. ரொம்ப மெதுவாக் கேட்டா. நான் பதில் சொல்லாமத் திரும்பி வந்துட்டேன்மா.”